முடிக்காத ஓவியத்துக்கு 8 கோடி கில்டர்: மோன்ட்ரியானின் கடைசிப் படம் ஹேக் நகரத்துக்கு வந்த கதை

கேள்வி இதுதான்: "டச்சு ஓவியர் பியட் மோன்ட்ரியானின் 'விக்டரி பூகி வூகி' முடிக்கப்படாத படம். பாதி இடத்தில் பெயின்ட்கூட இல்லை, ஒட்டுத்தாள் துண்டுகள்தான் இருக்கின்றன என்கிறார்கள். அதை ஏன் நெதர்லாந்து 8 கோடி கில்டர் (யூரோவுக்கு முந்தைய டச்சு நாணயம்) கொடுத்து வாங்கியது? ஓர் அருங்காட்சியகத்துக்கு அதனால் என்ன பயன்? அந்தப் பணம் நியாயமா?"

பாதி இடம் என்பது கொஞ்சம் அதிகம். அடிப்படையில் அது கேன்வாஸில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம்தான். பல அடுக்கு பெயின்டுக்கு மேலே, கடைசி நாட்களில், வண்ண ஒட்டுநாடாவும் காகிதத் துண்டுகளும் ஏறியிருக்கின்றன. மற்றபடி கேள்வி சரியான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கியது சரி, வாங்கிய விதம் சரியில்லை. படம் முடியாமல் நின்றதுதான் அதை வாங்குவதற்கு முதல் காரணமாக எனக்குப் படுகிறது. ஏன் என்று விளக்க, அந்த மனிதரிடமிருந்து தொடங்க வேண்டும்.

மோன்ட்ரியான் 1872இல் நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் ஊரில் பிறந்தவர். கட்டம் கட்டமாக, கறுப்புக் கோடு போட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டும் வைத்து வரைந்தவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் நாற்பது வயது வரை அவர் வரைந்தது பெரும்பாலும் மரங்கள், காற்றாலைகள், மணல்மேடுகள், தேவாலயக் கோபுரங்கள். 1909இல் தியசாபிகல் சொசைட்டியில், அதாவது பிரம்மஞான சபையில், உறுப்பினராகச் சேர்ந்தார். நம் சென்னை அடையாறில் தலைமையகம் வைத்திருக்கும் அதே சங்கத்தின் டச்சுக் கிளை. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைத்தான் ஓவியம் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட்டதில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் பாரிஸ், பொருளைக் கோணங்களாகவும் பரப்புகளாகவும் உடைத்துக் காட்டும் கியூபிசம், அதன் வழியாகக் கட்டங்கள். மரம் மெல்ல மெல்லக் கோடாகிப் போனது.

1937இல் நாஜிகள் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் அவர் படங்களும் இருந்தன. 1938இல் பாரிஸை விட்டு லண்டனுக்குப் போனார். லண்டனில் குண்டு விழத் தொடங்கியதும் 1940 அக்டோபரில் நியூயார்க் வந்து இறங்கினார். அப்போது வயது 68. கப்பல் செலவையும் தங்கும் இடத்தையும் பார்த்துக்கொண்டவர் ஹாரி ஹோல்ட்ஸ்மன் என்ற இளம் அமெரிக்க ஓவியர். அவர்தான் மோன்ட்ரியானுக்குப் பூகி வூகி இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். கிழவர் சொக்கிப் போனார்.

பூகி வூகி கேட்டிராதவர்களுக்கு: அது பியானோவில் வாசிக்கும் ஒரு வகை ப்ளூஸ். இடது கை ஒரே தாளக்கட்டை விடாமல் திரும்பத் திரும்ப ஓட்டும். வலது கை அதற்கு மேலே வெட்டி வெட்டிக் குறுக்கே போகும். நீட்டி இழுக்கும் மெட்டு கிடையாது, எல்லாம் தாளம்தான். மோன்ட்ரியானுக்குப் பிடித்ததும் அதுதான். இசையில் மெட்டை உடைப்பதும், ஓவியத்தில் இயற்கையின் தோற்றத்தை உடைப்பதும் ஒரே வேலை என்று எழுதியிருக்கிறார். ஆடுவதிலும் அவருக்கு ஆசை அதிகம். 'கஃபே சொசைட்டி' இரவு விடுதியில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் போன்றவர்கள் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓவியர் லீ க்ராஸ்னர் அவரோடு ஆடியதைப் பற்றிப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நியூயார்க்கில் அவர் படங்களில் நடந்த மாற்றம் சாதாரணமானதல்ல. இருபது ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருந்த கறுப்புக் கோட்டை விட்டுவிட்டார். கோடுகளே வண்ணமாகின. இன்னொரு மாற்றம் வண்ண ஒட்டுநாடா. எண்ணெய் வண்ணம் காய நாளாகும். ஒரு கோட்டை அரை அங்குலம் தள்ளிப் பார்க்க வேண்டுமென்றால் சுரண்டி எடுத்து, மறுபடி வெள்ளை பூசி, காயவிட்டு, மறுபடி வரைய வேண்டும். நாடா என்றால் உரித்து அடுத்த இடத்தில் ஒட்டிவிடலாம். எழுபது வயதில் ஒருவர் தன் வேலை முறையையே மாற்றிக்கொள்கிறார். இடம் சரியாக அமைந்த பிறகு நாடாவை எடுத்துவிட்டு அங்கே பெயின்ட் அடிப்பது அவர் வழக்கம்.

இந்த இடத்தில் இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று 1942-43இல் வரைந்து முடித்த 'பிராட்வே பூகி வூகி'. மஞ்சள் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. அவற்றின் மேல் சிவப்பு, நீலம், சாம்பல் நிறச் சிறு சதுரங்கள் விட்டு விட்டு வருகின்றன. 127 சென்டிமீட்டருக்கு 127 சென்டிமீட்டர் சதுரம். அடுத்ததாக அவர் எடுத்துக்கொண்ட 'விக்டரி பூகி வூகி'யும் அதே அளவுச் சதுரம்தான். ஆனால் 45 பாகை திருப்பி, முனையில் நிற்கும் வைரம் போல மாட்டப்பட்டது. மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை அளந்தால் ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல். கோடுகள் மட்டும் திரும்பவில்லை, அவை நேராகவே கிடக்கின்றன. அதனால் ஒவ்வொரு கோடும் சாய்ந்த விளிம்பில் போய் வெட்டுப்பட்டு நிற்கிறது. வெளியேயும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் சாளரம் வழியாகப் பார்க்கிற உணர்வு வருகிறது.

முதல் படத்தில் கோடு இன்னும் கோடாக இருக்கிறது. இரண்டாவதில் அதையும் காணோம். எங்கு பார்த்தாலும் துண்டு துண்டாகச் சதுரங்கள். கொஞ்ச தூரம் வரிசையாகப் போகும், பிறகு ஒரு பெரிய வெளிர் கட்டம் வந்து அதை விழுங்கிவிடும். எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. நெருங்கிப் பார்த்தால் வேறொரு உலகம். வெள்ளை என்று நினைத்தது பல வெள்ளை: ஓரிடத்தில் தடித்த பெயின்ட், பக்கத்தில் காகிதத்தின் வெள்ளை, இன்னொரு பக்கம் சாம்பல் கலந்தது. ஒட்டுநாடாத் துண்டுகளின் ஓரம் லேசாகத் தூக்கி நிற்கிறது. ஏற்கெனவே பெயின்ட் அடித்து முடித்திருந்த ஒரு கட்டத்தின் மேல் சின்னக் காகிதச் சதுரம் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். இது இங்கே வேண்டாம், அது வரட்டும் என்று அவர் கை மாற்றியதெல்லாம் அப்படியே மேலே தெரிகிறது.

அது எப்படி வந்தது என்பதுதான் இந்தப் படத்தின் கதையில் முக்கியமான பகுதி. 1944 ஜனவரியில் அவரை வந்து பார்த்த நண்பர்களுக்குப் படம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டதாகவே தோன்றியது. அதன் பிறகு, நோயில் படுப்பதற்கு முந்தைய சில நாட்களில், அந்த முடிந்த மேற்பரப்பின் மேலேயே நாடாவும் காகிதமுமாக ஒட்டித் தள்ளி, எல்லாவற்றையும் மறுபடி திறந்துவிட்டார். ஒரே படத்தை இப்படி மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் பதில் நாலைந்து படமாக வரைந்துவிடலாமே என்று நண்பரும் ஓவியருமான கார்ல் ஹோல்டி ஒருமுறை கேட்டாராம். "எனக்குப் படங்கள் வேண்டாம், விஷயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்" என்று மோன்ட்ரியான் சொன்னதாக ஹோல்டி பதிவு செய்திருக்கிறார்.

1944 பிப்ரவரி 1ஆம் தேதி நிமோனியாவில் இறந்தார். வயது 71. படம் 59ஆம் தெருவிலிருந்த அவர் ஸ்டுடியோவில் அப்படியே நின்றது. வெள்ளையடித்த சுவர்களில் சிவப்பு, மஞ்சள், நீல அட்டைகளை அவர் ஒட்டிவைத்திருந்தார்; அந்த அறையே ஒரு ஓவியம் மாதிரி. வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்த ஹோல்ட்ஸ்மன் அதை உடனே காலி செய்யாமல், புகைப்படமும் படச்சுருளும் எடுத்து, சில வாரங்கள் மற்றவர்கள் வந்து பார்க்கத் திறந்து வைத்தார். அவர் அந்தப் பொறுமையைக் காட்டியிருக்காவிட்டால் இந்தக் கடைசி நிலையைப் பற்றி நமக்குப் பாதிகூடத் தெரிந்திருக்காது.

இனி பணத்துக்கு வருவோம். 'பிராட்வே பூகி வூகி'யை 1943இல், ஓவியர் உயிரோடிருக்கும்போதே, பிரேசில் சிற்பி மரியா மார்ட்டின்ஸ் 800 டாலருக்கு வாங்கினார். இருவர் படைப்புகளும் நியூயார்க்கின் வேலன்டைன் கேலரியில் காட்டப்பட்டிருந்த நேரம் அது. வாங்கியவர் தன் பெயரைச் சொல்லாமல் அதை நவீன கலை அருங்காட்சியகத்துக்கு, அதாவது நியூயார்க்கின் 'மோமா'வுக்கு, அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஓர் அருங்காட்சியகத்துக்கு இதைவிட நல்ல வழியில் ஒரு படம் வர முடியாது.

'விக்டரி'யின் வழி நீளமானது. ஓவியர் இறந்த வருடமே அமெரிக்கச் சேகரிப்பாளர்களான எமிலி ஹால் ட்ரெமெய்ன், பர்ட்டன் ட்ரெமெய்ன் தம்பதி அதை 8,000 டாலருக்கு வாங்கினார்கள். முந்தைய வருடம் 'பிராட்வே'க்குக் கொடுத்த விலையைப் போலப் பத்து மடங்கு. படத்தின் நிலை பலவீனமானது என்பதை எமிலி ட்ரெமெய்ன் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டார். பெர்ல் ஃபைன் என்ற ஓவியரை 1947இல் அமர்த்தி, அதைப் படித்து அதன் அடிப்படையில் வேறு படங்கள் வரையச் சொன்னார். மூலத்தை யாரும் தொட்டு 'முடித்து' வைக்கவில்லை. நாடாவை எடுத்துவிட்டுப் பெயின்ட் அடித்துச் சுத்தமாக்கிவிடலாம் என்ற யோசனை யாருக்காவது நிறைவேறியிருந்தால் இன்றைக்குப் பேசுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. 1980களில் ட்ரெமெய்ன் குடும்பத்திடமிருந்து பத்திரிகைப் பதிப்பக அதிபர் எஸ்.ஐ. நியூஹவுஸ் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். இந்தப் பேரத்தை நடத்திவைத்தவர் கலை வணிகர் லாரி ககோசியன்.

இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரம். அங்கிருக்கும் நகர அருங்காட்சியகத்தின் பெயர் இப்போது 'குன்ஸ்ட்மியூசியம் டென் ஹாக்'. கட்டடக் கலைஞர் பெர்லாகா வடிவமைத்த மஞ்சள் செங்கல் கட்டடம், 1935இல் திறந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு மோன்ட்ரியான் படங்கள், ஏறக்குறைய 300, அங்கே இருக்கின்றன. இதற்குக் காரணம் சாலமன் ஸ்லைப்பர் என்ற ஒரே மனிதர். முதல் உலகப் போர்க் காலத்தில் மோன்ட்ரியானை யாரும் சீந்தாதபோது தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருந்தார். 1971இல் அவர் இறந்தபோது எல்லாம் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 'சிவப்பு மரம்' அங்கே இருக்கிறது. தியசாபி எண்ணங்கள் நேரடியாகத் தெரியும் 'பரிணாமம்' என்ற மூன்று பலகைப் படமும் அங்கேதான்.

அப்படியிருந்தும் ஒரு பெரிய ஓட்டை. மரத்திலிருந்து கட்டம் வரை அறை அறையாக நடந்து பார்க்கலாம். கட்டம் கடைசியில் என்ன ஆனது என்று காட்ட நியூயார்க் காலத்துப் பெரிய படம் ஒன்று இல்லை. முதல் அத்தியாயங்கள் எல்லாம் கையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, கடைசி அத்தியாயம் வேறு கண்டத்தில் ஒரு தனியார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வேறெந்த அருங்காட்சியகத்துக்கும் 'விக்டரி' ஒரு பெருமைக்குரிய உருப்படி. ஹேக் நகரத்துக்கு மட்டும் அது தேவை. வாங்கியது சரி என்று நான் சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம்.

1998இல் வாய்ப்பு வந்தது. நெதர்லாந்து யூரோவுக்கு மாறவிருந்தது. நூற்றாண்டுகளாக இருந்த கில்டர் போகப் போகிறது. அதை ஒட்டி நாட்டின் மத்திய வங்கி ஒரு தேசியக் கலை நிதி அமைப்புக்குப் பெரிய அன்பளிப்பு கொடுத்தது. அந்தப் பணத்திலிருந்து நியூஹவுஸிடம் படம் வாங்கப்பட்டது. விலை 8 கோடி கில்டர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 4 கோடி டாலர், யூரோவில் சுமார் 3.6 கோடி. படம் அரசுடைமை, ஹேக் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக மாட்டப்பட்டது.

நாடே கொதித்தது. கோபத்தில் இருந்த எல்லோரும் கலை தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எனக்குப் பிடிக்காத பேச்சு. நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்விகளில் நியாயம் இருந்தது. மத்திய வங்கியின் ஒரே பங்குதாரர் அரசு. வங்கியின் லாபம் வழக்கமாக அரசுக் கருவூலத்துக்குப் போகும். அப்படியானால் வங்கி கொடுத்த 'அன்பளிப்பு' கடைசியில் மக்கள் பணம்தானே? அதை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிச் செலவு செய்யலாம்? நிதியமைச்சர் ஹெரிட் ஸால்ம் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும், விற்பவர் பின்வாங்கிவிடுவார் என்பது ரகசியத்துக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம். பேரம் நடக்கும் வரைக்கும் அது செல்லும். பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதை மறைக்க அது காரணமாகாது.

இதே மாதிரி இன்னொரு வழக்கு ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கிறது. 1973இல் அந்நாட்டு தேசியக் கலைக்கூடம் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் 'ப்ளூ போல்ஸ்' படத்தை 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. பத்து லட்சத்துக்கு மேல் போனால் இயக்குநரால் தனியாக முடிவெடுக்க முடியாது. பிரதமர் கஃப் விட்லம் ஒப்புதல் தந்தார், விலையை வெளியிடவும் சொன்னார். பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. விட்லம் அசரவில்லை, அந்தப் படத்தையே தன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அச்சடித்தார். திட்டு இரண்டு நாட்டு அரசுகளுக்கும் விழுந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் எவ்வளவு, யார் கையெழுத்து என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். அந்த நேர்மையை டச்சுக்காரர்களும் காட்டியிருக்கலாம்.

வாங்கிய பிறகு என்ன நடந்தது என்பதைப் பலரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் இந்தக் கொள்முதலின் மிகப் பெரிய லாபம். 2006இல் தொடங்கி, நெதர்லாந்தின் கலாசாரப் பாரம்பரிய நிறுவனமும் அருங்காட்சியகமும் சேர்ந்து படத்தை விரிவாக ஆராய்ந்தன: நுண்ணோக்கி, எக்ஸ்ரே, அகச்சிவப்பு, புற ஊதா என்று எல்லாவற்றின் கீழும் வைத்துப் பார்த்தார்கள். எந்தக் கட்டம் எத்தனை முறை மாறியது, எங்கே சுரண்டி எடுத்தார், எங்கே கீழ் அடுக்கு காய்வதற்குள் மேலே பூசினார் என்பதெல்லாம் இப்போது பெருமளவு தெரியும். 2012இல் அந்த முடிவுகள் தனிப் புத்தகமாக வந்தன. படம் தனியாரின் வரவேற்பறையிலேயே இருந்திருந்தால், இத்தனை பேர் இத்தனை காலம் அதைக் கழற்றி வைத்து ஆராய யார் அனுமதித்திருப்பார்கள்?

பராமரிப்பதும் லேசான வேலையல்ல. எண்ணெய் வண்ணத்தில் கீழ் அடுக்கு ஈரமாக இருக்கும்போது மேலே பூசினால் பின்னாளில் வெடிப்பு விடும். இந்தப் படத்தில் அவர் திருத்திய இடங்கள் ஏராளம். 1940களின் ஒட்டுநாடா நிரந்தரத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பசை காயும், ஓரம் சுருளும், சாயம் வெளுக்கும். உதிரப் போகும் ஒரு துண்டை எந்தப் பசை வைத்து நிறுத்துவது, வெளுத்ததை வெளுத்ததாகவே விட்டுவிடுவதா என்பவை பராமரிப்பவர்கள் தினமும் சந்திக்கும் கேள்விகள். இப்படிப்பட்ட படத்தை ஊர் ஊராக அனுப்ப முடியாது, பார்க்க வேண்டுமென்றால் ஹேக் போக வேண்டும்.

"இதை என் பிள்ளையே ஒட்டிவிடுவானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. நாடா மட்டும் வைத்து மோன்ட்ரியான் தொடங்கி முடிக்காமல் விட்ட 'நியூயார்க் சிட்டி 1' என்ற படம் ஜெர்மனியின் டியுசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1945இல் மோமாவில் காட்டப்பட்டதிலிருந்து அது தலைகீழாகத்தான் மாட்டப்பட்டு வருகிறது என்று 2022இல் அங்கிருக்கும் ஆய்வாளர் சுசான மையர்-பியூசர் சொன்னார். ஆதாரம், 1944இல் எடுத்த ஸ்டுடியோப் புகைப்படம் ஒன்று. அதில் படம் இப்போது மாட்டியிருப்பதற்குத் தலைகீழாக நிற்கிறது. பலர் இதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அதிலிருந்து தெரிவது வேறு. ஒட்டத் தொடங்கும் முனை சீராகவும், முடிக்கும் முனை கிழிந்தும் இருக்கிறதா, நாடா எந்த முனையில் பட்டும் படாமலும் நிற்கிறது என்று பார்த்துத்தான் எது மேல் என்று இப்போது வாதிடுகிறார்கள். கையின் அசைவு அந்த அளவுக்கு அதில் பதிந்திருக்கிறது. இத்தனைக்கும் இப்போது திருப்பி மாட்டினால் எடை மறுபக்கம் இழுத்து நாடா பிய்ந்துவிடும் என்று பயந்து, தவறு என்று தெரிந்தும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இதே காரணத்தால்தான் 'விக்டரி' முடியாமல் நின்றதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. மோன்ட்ரியானின் முடித்த படங்களில் தேடலின் தடயம் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. கோடு ஏன் அங்கே வந்தது என்று படம் சொல்லாது, அது எப்போதுமே அங்கே இருந்தது போல உட்கார்ந்திருக்கும். அதை வைத்துத்தான் அவரை இயந்திரம் போல அளந்து வரைந்தவர் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். 'விக்டரி'யின் முன் நின்றால் அந்த எண்ணம் நிற்காது. ஸ்கேல் வைத்து அளந்து போட்டவர் அல்ல, கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தியவர். எழுபது வயதுக்கு மேல், உடம்பு முடியாத குளிர்காலத்தில், கிட்டத்தட்ட முடிந்த படத்தைக் கலைக்கத் துணிந்தவர்.

கடைசியாக விலை. 1998இல் 4 கோடி டாலர் என்பது ஒரு மோன்ட்ரியானுக்குக் கேள்விப்படாத தொகை. 2022 நவம்பரில் சோதபிஸ் ஏலத்தில் 1930இல் வரைந்த அவருடைய படம் ஒன்று 5.1 கோடி டாலருக்குப் போனது. நடுவில் 24 ஆண்டுப் பணவீக்கம் இருப்பதால், நெதர்லாந்து மலிவாக வாங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அது முழு விலை கொடுத்துத்தான் வாங்கியது. ஆனால் ஏலத்தில் போன அந்தப் படத்துக்கு நெருங்கிய உறவுள்ள படங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. 'விக்டரி'க்கு இணையாக வைக்க ஒன்றும் கிடையாது, இனி சந்தைக்கு வரப்போவதும் இல்லை. நாடாளுமன்றத்தை முறையாகக் கேட்டு, அதே விலைக்கு வாங்கியிருந்தால், என்னிடம் இதில் ஒரு புகாரும் இருந்திருக்காது.